அலாஸ்கா ஜெபப் பயணம்: நடைக்கு முழு மதிப்பெண், பிரசங்கத்துக்குப் பாதி

"இயற்கை நடை, காலை தியானம், மாலை ஐக்கியம்" என்று நோட்டீஸ் போட்டு, கோடையில் அலாஸ்காவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கிறிஸ்தவக் குழுக்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றோடு நானும் அம்மாவும் போய்விட்டு வந்தோம். நடத்துகிறவர்கள் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள் கெட்டவர்களும் இல்லை; விசாரித்துப் பார்த்தவரை இந்த மாதிரிப் பயணங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில்தான் ஓடுகின்றன, அதனால் நான் சொல்வது யாரிடம் பதிவு செய்கிறவர்களுக்கும் பொருந்தும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் நல்ல வழிகாட்டி இருக்கிறாரா என்று பார்த்துப் போங்கள், நல்ல பிரசங்கியார் இருக்கிறாரா என்று பார்க்காதீர்கள்.

எங்கள் குழுவில் இருபது பேர் சுமார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், பல சபைகளைச் சேர்ந்தவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆங்கரேஜில் தொடங்கித் தெற்கே சீவார்ட், திரும்ப வடக்கே எக்லூட்னா வழியாக டெனாலி தேசியப் பூங்கா, மறுபடி ஆங்கரேஜ். வேன், தங்குமிடம், காலை உணவு, மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கிற சாண்ட்விச், பூங்காவுக்குள் பஸ் டிக்கெட் எல்லாம் கட்டணத்துக்குள் வந்துவிடும். டெனாலியில் நாங்கள் போனபோது 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணம், அது சேர்ந்ததா தனியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தனி என்று சொன்னார்கள். தொகை பெரிதில்லை, சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை. தியானங்களை நடத்த ஒரு மூத்த போதகர், நடைகளுக்கு ஒரு பெண் வழிகாட்டி. இந்தப் பயணத்தில் பாதிப் பணம் அந்த வழிகாட்டிக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

சீவார்டுக்குப் போகிற சாலையிலிருந்தே தொடங்கலாம். ஆங்கரேஜிலிருந்து 125 மைல் வாக்கில் வரும், முதல் பாதி டர்னகெய்ன் ஆர்ம் என்கிற கடல்நீட்டத்தை ஒட்டியே போகிறது, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் சேறும் தண்ணீரும், எதிர்க்கரையில் பனி மூடிய மலைகள். கர்ட்வுட், போர்டேஜ் பக்கம் வந்தால் சாலையோரம் பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பு நிறத்தில் வரிசையாக நிற்கும். 1964 மார்ச் 27, புனித வெள்ளி சாயங்காலம் அடித்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் இங்கே தரை பல அடி கீழே இறங்கிவிட்டது, உப்புத்தண்ணீர் ஏறி வேரில் நின்றது, மரங்கள் நின்றபடியே செத்தன, இன்னமும் நிற்கின்றன. நான்கரை நிமிடம் ஆடியதாம். உலகத்தில் இதுவரை கருவியில் பதிவான நிலநடுக்கங்களில் இதுதான் இரண்டாவது பெரியது. போதகர் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று, இந்த விவரத்தைச் சொன்னார், புனித வெள்ளி ஆராதனைக்குப் போய்வந்த ஜனங்களுக்கு அன்று சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரி கேட்டார், சின்ன ஜெபம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. பயணம் முழுவதிலும் அவர் செய்த தியானங்களில் இதுதான் முதல் இடம். இதே மனிதர் அடுத்தடுத்த நாட்களில் ஏன் இவ்வளவு நீட்டினார் என்று எனக்குப் புரியவே இல்லை.

சீவார்டில் எக்ஸிட் பனிப்பாறை. கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவில் சாலை வழியாகப் போய்ச் சேரக்கூடிய ஒரே இடம் அதுதான், மற்றதெல்லாம் படகிலோ விமானத்திலோதான். அதனால் கூட்டம் உண்டு, ஆனால் நடை அழகு. போகிற வழியெல்லாம் வருடம் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், அந்த வருடம் பனி இதுவரைக்கும் இருந்தது என்று அர்த்தம். 1917 என்ற பலகையைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே நடந்து, 1951 வந்து, அப்புறமும் நடந்து, நடந்து, பனியைக் காணோம். பலகைகளுக்கு இடையில் காடு வளர்ந்துவிட்டது. பனி முதலில் விலகிய இடத்தில் பெரிய மரங்கள், சமீபத்தில் விலகிய இடத்தில் வெறும் கல்லும் ஆல்டர் புதரும், இதை வழிகாட்டி கையால் காட்டிச் சொன்ன பிறகு பலகையே தேவைப்படவில்லை, மரத்தின் உயரத்தைப் பார்த்தே வருடத்தைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஒரு காலத்தில் பனியைக் கையால் தொட்டுப் பார்க்கிற தூரத்துக்குப் பாதை போனதாம், இப்போது தூரத்தில் நின்று பார்க்க மட்டும் முடியும். கீழ்ப்பாதை சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம். மேலே ஹார்டிங் பனிப்பரப்புக்குப் போகிற பாதை போக வர எட்டு மைலுக்கு மேல், மைலுக்கு ஆயிரம் அடி ஏற்றம், அது இந்தக் குழுவின் திட்டத்தில் இல்லை, இல்லாததும் நல்லதுதான்.

வடக்கே போகிற வழியில் எக்லூட்னா. இதைத் திட்டத்தில் "சிறு நிறுத்தம்" என்று ஒரு வரியில் போட்டிருந்தார்கள், எனக்கோ இந்தப் பயணத்தில் மனசில் தங்கிய இடங்களில் இது ஒன்று. டெனைனா பழங்குடி மக்களின் கிராமம், பழைய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு கல்லறை மேலும் சின்ன மரவீடு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளிச்சென்று வர்ணம் பூசி, குடும்பத்துக்கு ஒரு நிறச் சேர்க்கை. சிலுவையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. ரஷ்யத் துறவிகள் 1794இல் கோடியாக் தீவில் வந்து இறங்கினார்கள், அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கியது 1867இல்தான், அப்படிப் பார்த்தால் அமெரிக்கக் கொடிக்கு முன்பே இங்கே கிறிஸ்தவம் வந்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்லத்தான் ஜெபப் பயணம் என்று கூட்டிவருகிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் குழுவில் சிலருக்கு அந்தச் சின்ன வீடுகள் உறுத்தலாக இருந்திருக்க வேண்டும், போதகரும் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், கால்மணி நேரத்தில் வேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள். அம்மா மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நம்ம ஊர்லயும் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துறோம்லா, அது மாதிரித்தான?" என்றாள். ஆமாம் என்றேன். இதே போதகர் அப்புறம் டெனாலியில் நின்றுகொண்டு "மனிதர் கால் படாத நிலம்" என்று உருகினார். ஆயிரக்கணக்கான வருடங்களாக அத்தபாஸ்கன் பழங்குடி மக்கள் வேட்டையாடிப் பெர்ரி பறித்து நடந்த நிலம் அது. கால் படாததாம்.

சரி, டெனாலி. பூங்காவும் அதன் பாதுகாப்புப் பகுதியும் சேர்ந்து 60 லட்சம் ஏக்கர், உள்ளே போகிற சாலை ஒன்றே ஒன்று, 92 மைல் நீளம். சொந்த வண்டி முதல் 15 மைல், சாவேஜ் ஆறு வரைக்கும்தான். அதற்கு மேல் பூங்காவின் பஸ். அந்தச் சாலையும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில், உறைந்த மண் இளகி மலைச்சரிவோடு சாலை வேகமாக நழுவ ஆரம்பித்ததால் பாதியில் மூடிவிட்டார்கள், பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, நாங்கள் போனபோது 43ஆம் மைலோடு பஸ்ஸைத் திருப்பினார்கள். இதில் பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களைக் கூட்டிப்போனவர்களின் நோட்டீஸில் அட்டைப்படமே வொண்டர் ஏரி, தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிகிற படம். வொண்டர் ஏரி 85ஆவது மைலில் இருக்கிறது! சாலை மூடியது உலகத்துக்கே தெரிந்த விஷயம், படத்தை மாற்ற ஒரு மணி நேரம் ஆகுமா? ஒரு பெரியவர் அந்த ஏரிக்காகவே வந்தேன் என்று வேனில் சொன்னபோது பாவமாக இருந்தது. பதிவு செய்வதற்கு முன் சாலை எந்த மைல் வரை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் அனுபவம் தனி. ஓட்டுநர் கிளம்பும்போதே சொல்லிவிடுவார், மிருகம் கண்ணில் பட்டால் "ஸ்டாப்" என்று சத்தமாகக் கத்துங்கள் என்று. முதல் அரைமணி நேரம் எல்லாரும் பாறையைப் பார்த்துக் கத்தினோம். அப்புறம் ஒரு திருப்பத்தில் பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டி போட்ட சத்தத்தில் பஸ் நின்றது, இஞ்சின் அணைந்தது, அத்தனை பேரும் ஒரே நொடியில் வாயை மூடினோம், சாலைக்குக் கீழே தள்ளி ஒரு கிரிஸ்லித் தாய்க்கரடி, பின்னால் இரண்டு குட்டி. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னங்காலால் மண்ணைப் புரட்டிப் புரட்டி வேர் தின்றுகொண்டிருந்தது, ஒரு குட்டி அந்தக் குழிக்குள் தலையை விட்டு, மூக்கில் மண்ணோடு வெளியே வந்து, தும்மியது. தும்மிய சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டக் கூடாது, பேசக் கூடாது, அப்படி நாங்கள் இருந்த நேரத்தில் யாரும் தியானம் நடத்தவில்லை, ஆனால் பயணத்தின் தியானம் அதுதான் என்று என் பக்கத்து சீட்டுக்காரரே பிற்பாடு சொன்னார்.

பெரிய குழுவாகப் போவதில் ஒரு சங்கடம் உண்டு, இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே ஓடுகிற சாதாரண பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி நடக்கலாம், திரும்பி வரும்போது கையைக் காட்டினால் அடுத்த பஸ் நிற்கும், ஆனால் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். இருபது பேருக்கு எந்தப் பஸ்ஸில் இடம் இருக்கும்? மூன்று நான்காகப் பிரிந்து, வயதானவர்களை முதலில் ஏற்றிவிட்டு, மீதிப் பேர் தூறலில் சாலையோரம் நின்றோம். வழிகாட்டி இதை எதிர்பார்த்திருந்தார், நடத்துகிறவர்கள் எதிர்பார்க்கவில்லை. சாலையில் சாப்பாடு எதுவும் விற்பதில்லை என்பதும் இங்கேதான் உறைத்தது, எங்கள் சாண்ட்விச் பெட்டியோ முதல் பஸ்ஸில் போய்விட்டது.

நடைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லது மட்டும்தான் இருக்கிறது. டெனாலியில் பாதை இல்லாத இடத்தில்தான் நிஜமான நடை. தண்ட்ரா என்கிற மரமில்லாத குளிர்நிலத்தில் கால் வைத்தால் இலவம்பஞ்சு மெத்தை மேல் நிற்கிற மாதிரி அமுங்கி எழும்புகிறது, பாசி, லைக்கன், முட்டிக்குக் கீழே நிற்கிற குட்டி வில்லோ, நடுநடுவே தண்ணீர். இங்கே வழிகாட்டி முதலில் சொன்ன விதி எங்களுக்கு ஆச்சரியம்: ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நடக்காதீர்கள், பக்கவாட்டில் விரிந்து, ஆளுக்கொரு தடத்தில் நடங்கள். ஒரே தடத்தில் இருபது பேர் மிதித்தால் அது பாதையாகிவிடும், அடுத்து வருகிறவனும் அதிலேயே நடப்பான், இந்தக் குளிரில் செடி திரும்ப முளைக்க வருடக்கணக்கில் ஆகும். ஜெபக்கூட்டத்துக்காரர்கள் நாங்கள், எங்கே போனாலும் வரிசையில் நின்று பழகியவர்கள், கலைந்து நடக்கக் கற்றுக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. குனிந்து பார்க்கச் சொன்னார், ஒரு சாண் உயரத்துக்குள் நான்கைந்து வகைச் செடி. ஃபயர்வீட் பூ கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும், உச்சிப் பூ மலர்ந்தால் கோடை முடிந்தது என்று அந்த ஊரில் கணக்கு. நாங்கள் பார்த்தபோது முக்கால் தண்டு ஏறியிருந்தது. அப்புறம் ஒரு பறவை, பொன்னுச்சிக் குருவி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன், ஆங்கிலத்தில் கோல்டன் கிரவுண்டு ஸ்பேரோ, மூன்றே சுரம், மேலிருந்து கீழே இறங்கி நின்றுவிடும். அந்த மூன்று சுரம் நாள் முழுக்கக் கூடவே வரும்.

கரடி நாட்டில் அமைதியாக நடப்பது ஆபத்து. கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டும், திடீரென்று எதிரே போய் நிற்பதுதான் வினை. மணி கட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் வாங்கி வந்திருந்தார்கள், அந்தக் கிணுகிணு சத்தம் போதாது, மனிதக் குரல்தான் நல்லது என்றார் வழிகாட்டி. அப்படியானால் பாடலாமா என்று யாரோ கேட்க, தாராளமாக என்று சொல்லிவிட்டார். அம்மா ஊரில் பாடகர் குழுவில் பல வருடம் நின்றவள். முதலில் கூச்சம். "ஏட்டி, நான் பாடுனா கரடி ஓடுமா, இல்ல கேக்க வருமா?" என்று என் காதில் கேட்டாள். "நீங்க மேல் ஸ்தாயில எடுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றேன். புதர் அடர்ந்த திருப்பங்களில், ஆற்றுச் சத்தம் மற்ற சத்தத்தை விழுங்குகிற இடங்களில், அம்மாவின் கீர்த்தனைதான் எங்கள் குழுவுக்குக் காவல். அர்த்தம் தெரியாதவர்களும் பல்லவிக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் பாடவிடவில்லை வழிகாட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாக இருந்தால் கையை உயர்த்துவார், பாட்டு நிற்க வேண்டும், காதைத் திறந்து நட என்பார். எங்கே பாட வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்ற இந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி. இந்தக் கணக்கைப் போதகருக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

காலைத் தியானங்களில் நன்றாக அமைந்தது ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில். பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கிப் போகிற சின்னப் பாதை, கீழே வளைந்த ஏரி, நீர்நாய் மாதிரி இருக்கிற பீவர்கள் மரம் வெட்டிக் கட்டிய அணை, அணைக்கு மேலே தண்ணீர் ஆடாமல் கிடக்கும். இங்கே ஒரு வேடிக்கை. ஜூலைக் கொசு. வலைத்தொப்பி போடாதவர்கள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே பட் பட் என்று அடிக்கிற சத்தம் கேட்கும், ஆமென் எது அடி எது என்று தெரியாது. இன்னொரு விதியும் உண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடக் கூடாது, ஒருவர் திறந்த கண்ணோடு காவல் நிற்க வேண்டும், மூஸ் என்கிற பெரிய மான் குட்டியோடு சுற்றுகிற இடம். விழித்திருந்து ஜெபம்பண்ணுவது என்றால் இங்கே இதுதான். அன்று அம்மாவை ஜெபிக்கச் சொன்னார்கள். தமிழிலேயே ஜெபித்தாள், சுருக்கமாக, தண்ணீருக்கு, காற்றுக்கு, கூட வந்தவர்களின் முழங்காலுக்கு. முடிக்கிற இடம் யாருக்கும் தெரியாதே என்று நான் பயந்தேன், குரல் இறங்கியதை வைத்தே சரியான இடத்தில் எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். மாலை ஐக்கியம். அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் பகல் இருபது மணி நேரத்தைத் தொடும், சூரியன் மறைந்தாலும் முழு இருட்டு வருவதில்லை. இருட்டினால்தானே கூட்டம் முடியும்? இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது, பாட்டு, வேதபாடம், சாட்சி, மறுபடி பாட்டு, ஜெபவிண்ணப்பம் என்று போய்க்கொண்டே இருக்கும், ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெயில் அப்படியே நிற்கும். "மணி பதினொண்ணாவுது, இன்னும் வெளிச்சமாக் கெடக்கே, தூங்குறதா வேண்டாமா?" என்று அம்மா முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் ஜெபக்கூட்டத்துக்கு அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. மறுநாள் விடிகாலை பஸ், பாதிப் பேர் உள்ளே தூங்கி வழிந்தார்கள், தூங்கியவர்கள் கரிபூ மான் மந்தையைத் தவறவிட்டார்கள். சாட்சி சொல்ல ஆரம்பித்தால் சிலருக்கு நிறுத்தத் தெரியாது, அதை நிறுத்துவது நடத்துகிறவர் வேலை. அவர் நிறுத்தவில்லை, ஏனென்றால் அவரும் நிறுத்தாதவர். தங்கிய அறைகளில் கனமான திரைச்சீலையும் இல்லை, கண்ணுக்குக் கட்டிக்கொள்ளத் துணி ஒன்று கொண்டுபோங்கள்.

இன்னொன்று, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பிரசங்க உதாரணமாக்குகிற பழக்கம். மலைச்சரிவில் டால் ஆடுகள் தெரிந்தன, வெள்ளைப் புள்ளிகளாக. உடனே பைபிளில் வருகிற காணாமற்போன ஆட்டின் கதை. தொலைநோக்கியில் பார்த்தால் அந்த ஆடு நான்கு குளம்பையும் வைக்க இடமில்லாத பாறை விளிம்பில் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, அது காணாமற்போகவில்லை ஐயா, ஓநாய் ஏற முடியாத இடமாகப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறது. இதில் வேடிக்கை, இந்தப் பூங்காவே அந்த ஆடுகளால் வந்தது. சந்தை வேட்டைக்காரர்கள் டால் ஆடுகளைக் கண்டபடி சுட்டுத் தள்ளுவதைப் பார்த்த சார்லஸ் ஷெல்டன், அவரும் ஒரு வேட்டைக்காரர்தான், பல வருடம் அலைந்து வாதாடி 1917இல் இதைத் தேசியப் பூங்காவாக்க வைத்தார். சுடுகிற கையே காப்பாற்றப் போன கதை, இதைவிட நல்ல பிரசங்கம் வேறென்ன வேண்டும்? அது வழிகாட்டி வாயிலிருந்துதான் வந்தது, அதுவும் நடக்கும்போது, பாதி மூச்சில்.

பூங்காவில் பனிவண்டி இழுக்கிற ஸ்லெட் நாய்களின் கொட்டகையையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள். 1920களிலிருந்தே அங்கே நாய்கள் வேலை செய்கின்றன, குளிர்காலத்தில் ரேஞ்சர்கள் ரோந்து போவது இந்த நாய்வண்டியில்தான், கோடையில் வருகிறவர்களுக்கு இலவசமாகச் செய்து காட்டுகிறார்கள். நானும் அம்மாவும் கலந்துரையாடலிலிருந்து நழுவிப் போய்விட்டோம். வண்டியை எடுத்ததும் எந்த நாயைப் பூட்டப்போகிறார்களோ என்று முப்பது நாயும் சேர்ந்து போடுகிற கூச்சல் இருக்கிறதே, தேர்ந்தெடுக்கப்படாத நாய்கள் கூரை மேல் ஏறி நின்று அழுகின்றன. யாரும் எங்களைத் தேடவில்லை.

டெனாலி மலை தெரிந்ததா என்று கேட்பீர்கள். 20,310 அடி, வட அமெரிக்காவிலேயே உயரம், மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு ஒளிந்திருக்கும், வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் காட்சி கிடைக்கும் என்று பூங்காவிலேயே சொல்கிறார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் 2015இல் டெனாலி, 2025 ஜனவரியில் மறுபடி மெக்கின்லி, பூங்காவின் பெயர் மாறவில்லை, அங்கே எங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் டெனாலி என்றுதான் சொன்னார்கள். எங்கள் குழுவில் தினமும் காலையில் மலை தெரிய வேண்டும் என்று ஜெபவிண்ணப்பம் வைத்தார்கள். எனக்கு இது கொஞ்சம் ஒத்துவரவில்லை, மூன்றில் இரண்டு பேருக்கு ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஆகிவிடாதா? கடைசியில் தெற்கே திரும்பும்போது பார்க்ஸ் நெடுஞ்சாலையில் 135ஆவது மைல் பக்கத்துப் பார்வைத்தளத்தில், கழிவறைக்கு நிறுத்தியபோது, மேகம் இடுப்பளவுக்கு இறங்கி மேல்பாதி வெளியே வந்தது. நாம் வழக்கமாக மலை உச்சியைத் தேடுகிற உயரத்தில் தேடினால் வெறும் மேகம்தான், அதற்கும் மேலே, வானம் என்று நினைத்த இடத்தில் வெள்ளையாக நிற்கிறது. கழிவறை வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும், எங்கள் குழுவில் வழிகாட்டி எல்லாருக்கும் சேர்த்து வைத்திருந்தார், உங்களுடையதில் உண்டா என்று கேளுங்கள். கரடியிடமிருந்து 300 கெஜம், மூஸிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. கரடியைக் கண்டால் ஓடக் கூடாது, மூஸ் துரத்தினால் ஓடலாம், மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்கோட்டு, கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று அடுக்கு உடை, கொசு வலைத்தொப்பி. புடவையில் போகலாமா என்று அம்மா வயதுக்காரர்கள் கேட்பார்கள், தண்ட்ராவில் முடியாது, சாவேஜ் ஆற்றங்கரைச் சுற்றுப்பாதை சுமார் இரண்டு மைல் சமதளம், அங்கே வேண்டுமானால் பார்க்கலாம், ஆனால் காற்று விடாது. பயணக்காலம் மே பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை. ஜூன், ஜூலையில் வெளிச்சமும் கொசுவும் சேர்ந்தே வரும். ஆகஸ்ட் கடைசிக்கு மேல் கொசு குறைந்துவிடும், ப்ளூபெர்ரி பழுத்திருக்கும், தண்ட்ரா சிவக்கும், ராத்திரியும் வரும்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் நடைகளுக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு மூன்று, காலைத் தியானத்துக்கு நான்கு, மாலை ஐக்கியத்துக்கு இரண்டு. தனியாகக் கார் எடுத்துப்போய் நடக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயணம் தேவையில்லை. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு, பாட்டும் ஜெபமும் கூட வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது சரியான ஏற்பாடு. பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இயற்கை வழிகாட்டி தனியாக உண்டா, பூங்காவுக்குள் எந்தப் பஸ், மாலைக் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும். மூன்றாவதற்கு "ஆவியானவர் நடத்துகிறபடி" என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள். எங்களைக் கூட்டிப்போனவர்களுக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பினேன், வழிகாட்டிக்குத் தனியாக நன்றியும். வொண்டர் ஏரிப் படம் இன்னும் நோட்டீஸில் இருக்கிறது.